இடது நிலைக்கால்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்டிய வீட்டில், தலைவாசல் நிலையின் இடது கால் தலைகீழாக நின்றது. அதற்குக் காரணம் நான். அதை நட்ட ஆசாரி அல்ல. ஏழெட்டுப் பேர் முன்னிலையில் ஒரு பொய் சொல்லி அந்தத் தவறை அவர் தலையில் போட்டேன். அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் எந்த வீட்டுக்கும் நிலை வைக்கவில்லை. இதை எழுத எனக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

மர வேலை தெரியாதவர்களுக்கு இதில் என்ன பெரிய குற்றம் என்று தோன்றலாம். ஆகவே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்பாசமுத்திரம் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு மர அறுவை மில் உண்டு. அப்பா தொடங்கியது. வயல்களை எல்லாம் விற்ற பிறகு மிஞ்சிய நெற்களத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு பட்டை ரம்பத்தை நிறுத்தினார். நான் பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்தேன். இரண்டு வருடம் வேலை தேடினேன், கிடைக்கவில்லை, மில்லில் வந்து உட்கார்ந்தேன். மரத்தை வாங்கி விற்பதைவிட, பிறர் கொண்டுவரும் மரத்தை அறுத்துக் கொடுப்பதுதான் எங்கள் முக்கிய வேலை. சுற்றுவட்டாரத்து ஆட்கள் தங்கள் தோட்டத்து வேம்பையோ பூவரசையோ பலாவையோ வெட்டி டிராக்டரில் ஏற்றி வருவார்கள். அளவு சொல்வார்கள். சட்டமாகவும் பலகையாகவும் அறுத்துத் திருப்பி ஏற்றிவிடுவோம்.

வீட்டில் நிமிர்ந்து நிற்கப்போகிற மரத்தை, அது தோட்டத்தில் நின்ற வாக்கிலேயே நிறுத்த வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. தூணில் மாறிப்போனால்கூடச் சிலர் பொறுத்துக்கொள்வார்கள். தலைவாசல் நிலையில் யாரும் பொறுக்கமாட்டார்கள். தடியாக இருக்கும்வரை அடிப்பக்கம் பருத்திருக்கும், குழப்பம் இல்லை. நான்கு பக்கமும் அறுத்துச் சட்டமாக்கிவிட்டால் இரண்டு முனையும் ஒன்றுபோல் ஆகிவிடும். அதனால் மில்லில் தடி இறங்கியவுடன் அதன் அடி முகம் முழுவதும் காவி பூசிவிடுவோம். அறுத்த பிறகு ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் அந்தக் காவி இருக்கும். ஆசாரி அதைப் பார்த்து நடுவார்.

தலைகீழாக நட்ட மரத்தால் ஒரு குடும்பத்துக்குக் கேடு வரும் என்பதை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. என் தவறு தொடங்கியதே அந்த நம்பாமையில்தான் என்று இப்போது தெரிகிறது. நமக்கு நம்பிக்கை இல்லாத விஷயத்தில் பொய் சொன்னால் அது பொய்க் கணக்கில் வராது என்று நினைத்திருந்தேன்.

அது மின்வெட்டுக் காலம். எப்போது கரண்டு வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வந்த நேரத்தில் ஓடி ஓடி அறுப்போம். அப்படி ஒரு காலையில்தான் ஆசிரியரின் தோட்டத்து வேம்பு ரம்பத்தில் ஏறியது. நீளமான தடி. அதை இரண்டாகத் துண்டு போட்டோம். கீழ்த்துண்டில் காவி இருந்தது. மேல்துண்டின் அடி முகத்தில் புதிதாகப் பூசியிருக்க வேண்டும். அவசரத்தில் யாரும் பூசவில்லை. சட்டத்தை இறக்கியபோதுதான் ரம்பம் ஓட்டுகிறவர் கவனித்தார். அவர் அப்பா காலத்திலிருந்து எங்களிடம் இருந்தவர்.

"அண்ணாச்சி, இதுல காவி இல்ல."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கீழ்த்துண்டிலிருந்து எடுத்த வலது காலில் காவி தெளிவாக இருந்தது. இடது காலுக்கான சட்டத்தின் இரண்டு முனையும் வெறுமையாக இருந்தன. கணுவைப் பார்த்தால் சொல்லிவிடலாம். ஆனால் ரம்பத்தின் பல் தடம் பட்டுச் சொரசொரத்துக் கிடந்த பரப்பில் கணு எதுவும் கண்ணில் படவில்லை.

"தெரியலைன்னு சார்வாள்ட்ட சொல்லிருவோம்," என்றார் ரம்பக்காரர். "ஆசாரி இழைச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சுக்கிடுவாரு."

"தெரியலைன்னு சொன்னா மில்லுக்கு என்னவே மரியாதை? செத்த மரத்துக்குத் தலை எது, கால் எது?"

காவி டப்பாவை நானே எடுத்து, எனக்குக் கிட்டே இருந்த முனையில் பூசினேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. கிட்டே இருந்தது, பூசினேன். ரம்பக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். "வண்டி வந்துட்டு," என்று மட்டும் சொன்னார்.

ஆசிரியர் வீட்டு வேலையை எடுத்திருந்த ஆசாரி என் வயதுக்காரர். எங்கள் மில்லுக்கு எத்தனையோ வருடமாக வந்து போகிறவர். சந்தேகமான மரம் என்றால் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அதன் மேல் தேய்ப்பார். ஈரம் பட்ட இடத்தில் ரேகை தெளியும். இந்தப் பக்கத்து ஊர்களில் நிலை வைக்கிற அன்று ஆசாரிக்குத்தான் முதல் மரியாதை. புது வேட்டி, துண்டு, முதல் தாம்பூலம். அந்த மரியாதையை அவர் அளவுக்கு வாங்கியவர் அப்போது வேறு ஒருவர் இல்லை.

நான்கு நாள் கழித்துச் சைக்கிளில் வந்தார். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, அந்த எடது காலை இழைச்சேன். சின்னதா ஒரு கணு தெரியுது. அது கீழ பார்க்கிற மாதிரி இருக்கு. குறி மாறியிருக்குமோ?"

கொப்பு என்பது மரத்தின் நடுவிலிருந்து வெளியே வரும்போது மேல் நோக்கிச் சாய்ந்துதான் வரும். அறுத்த மரத்தில் அந்தச் சாய்வு கணுவாகத் தெரியும். கணு கீழே சாய்ந்தால் மரம் தலைகீழ் என்று அர்த்தம். தாவரவியல் படித்த எனக்கு அவர் விளக்க வேண்டிய தேவை இல்லை. அவர் சொன்ன உடனே எனக்குப் புரிந்துவிட்டது. பேப்பரை மடக்காமலே பதில் சொன்னேன்.

"மில்லுல குறி மாறாது வே. மரமா இருக்கும்போதே வைக்கிற குறி. பைய போயி வேலையைப் பாரும்."

அவர் வேறு வேலைக்கு, ஓட்டுக்கூரையில் அடிக்கிற ரீப்பர் கட்டை இரண்டு வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். இழைத்தபோது தன் கண் கண்டதைவிட என் குறியை அவர் நம்பினார். அந்த வாரமே நிலையை நட்டார்.

வீடு குடிபுகுந்த ஆறு மாதத்துக்குள் ஆசிரியரின் மகளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. அடுத்த மாதம் அவர் ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். வாசலைப் பார்க்கச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வயதான ஓர் ஆசாரியைக் கூட்டிவந்தார்கள். என்னையும் கூப்பிட ஆள் வந்தது.

நான் போனபோது ஆசிரியர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய மைத்துனரும் பக்கத்து வீட்டுக்காரர்களுமாக ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நிலை வைத்த ஆசாரி வாசலுக்கு வெளியே நின்றார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் கதவைத் திறந்து, நிலைக்காலின் உள்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"கொப்பு மேல பார்த்துத்தான வளரும்? இது தரையைப் பார்த்துல்லா வளர்ந்திருக்கு."

ஆசிரியர் ஆசாரியைப் பார்த்தார். "ஏன்வே, உம்ம கண்ணு எங்க போச்சு?"

"எனக்கும் பட்டது சார்வாள். மில்லுல போயி கேட்டேன். குறி சரிதான்னு அண்ணாச்சி சொன்னாவ. அதுக்கப்புறந்தான் நட்டேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "கேட்டாரா அண்ணாச்சி?" என்றார் மைத்துனர்.

"கேட்கலையே," என்றேன். "வந்தாரு. ரெண்டு ரீப்பர் வாங்கிட்டுப் போனாரு. நிலையைப் பத்திப் பேச்சே வரலை. மில்லுல வச்ச குறி சரியாத்தான் இருந்தது. அளவுக்கு முனையை அறுக்கும்போது காவி போயிருக்கும். திருப்பி வச்சிட்டாரு."

"அண்ணாச்சி, நீங்க பேப்பர் பார்த்துக்கிட்டு இருந்தீய. பேப்பரை மடக்காமலே சொன்னீய."

"நல்லா யோசிச்சுப் பாரும். ரீப்பருக்குத்தான வந்தீரு?"

அவர் ரீப்பருக்கும் வந்திருந்தார் என்பதுதான் என் பொய்க்குப் பலம். மைத்துனர் சிரித்தார். "அந்த ரீப்பரையாவது நேரா அடிச்சீரா ஆசாரி, இல்ல அதுவும் தலைகீழா?" மற்றவர்களும் சிரித்தார்கள். ஆசாரி என்னைப் பார்த்தார், பிறகு நிலைக்காலைப் பார்த்தார். "அப்ப நான்தான் மாறி நெனைக்கேனோ என்னமோ," என்றார். அதை நான் கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கண்ணுக்குக் கிட்டே இருந்த முனையில் காவி பூசுகிற மில் என்று பெயர் வந்தால், நிலைக்கு மரம் அறுக்க யாரும் வரமாட்டார்கள். அது ஒரு காரணம். படித்தவன் என்று மதித்து என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரியது.

அந்த நிலையைப் பெயர்த்துவிட்டு வேறு ஆசாரியை வைத்துப் புதிது போட்டார்கள். அடுத்த வருடம் மகளுக்குக் கல்யாணம் ஆனது. எங்கள் மில்லுக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஆசாரி கட்டில், பெஞ்சு செய்தார். பிறகு கட்டட வேலைக்காரர்களுக்குச் சென்ட்ரிங் பலகை அடித்துக் கொடுக்கத் தொடங்கினார். கான்கிரீட் இறுகும்வரை தாங்கி நின்றுவிட்டுப் பிரித்துப் போடப்படும் பலகை அது. அதற்கான மட்டமான மரத்தை எங்கள் மில்லிலேயே வாங்கினார். வாரத்துக்கு ஒரு முறை வருவார். பழையபடி அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள், "என்ன ஆசாரி, நிலை வேலையே எடுக்கிறதில்லையா?" என்று கேட்டேன். எப்படி அதைக் கேட்டேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

"சென்ட்ரிங் பலகைக்கு அடியும் இல்ல, நுனியும் இல்ல அண்ணாச்சி. தப்பு வராது," என்றார்.

என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அதற்கு நான் தகுதியானவன்தான் என்று நினைத்ததில் ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது.

ஆண்டுகள் போயின. ரம்பக்காரர் இறந்துபோனார். மில்லை மகன் பார்க்கத் தொடங்கினான். நான் காலையில் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். போன வருடம் முக்கூடல் பக்கமிருந்து ஒருவர் நிலைக்கு வேம்பு கொண்டுவந்தார். வண்டி ஓட்டி வந்தவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். எந்த ஆசாரியைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது.

"யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க, அந்தத் தலைகீழ் ஆசாரியை மட்டும் கூப்பிட்டுராதீங்க," என்றார் வண்டிக்காரர்.

"அது யாரு?" என்று கேட்டார் மரத்துக்காரர்.

"சென்ட்ரிங் பலகை அடிக்காருல்லா, அவருதான். ஏன் அந்தப் பேருன்னு எனக்கும் தெரியாது. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

சம்பவம் நடந்தபோது அந்த வண்டிக்காரர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். காரணம் மறந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் ஆசிரியர் வீட்டுக்குப் போனேன்.

அவருக்கு எண்பது ஆகப்போகிறது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். திருத்தப்போகிற விடைத்தாளைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப எதுக்குவே இதைச் சொல்லுதீரு?"

"சொல்லாம இருக்க முடியல சார்வாள்."

"பதினஞ்சு வருசம் முடிஞ்சுதே?" பிறகு அவரே சொன்னார்: "எனக்கு நட்டம் ஒண்ணுமில்ல. நிலையை மாத்தினேன், எல்லாம் சரியாப் போச்சு. நட்டம் அவருக்குத்தான். நீரு வந்திருக்க வேண்டியது இங்கன இல்ல."

நிலை மாறியதால்தான் எல்லாம் சரியானது என்று அவர் இன்னும் நம்புகிறார். அதைப் பேச நான் போகவில்லை. பெயர்த்த நிலைக்காலை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மாட்டுத் தொழுவத்தில் வைக்கோல் போடக் குறுக்கே கட்டியிருப்பதாகச் சொன்னார். எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு குட்டியானை வண்டி பிடித்து, அதை ஏற்றிக்கொண்டு ஆசாரி வீட்டுக்குப் போனேன்.

ஆசாரியும் அவர் மனைவியும் வாசலில் இருந்தார்கள். கட்டையை இறக்கி வைத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னேன். காவி பூசாமல் விட்டது, கிட்டே இருந்த முனையில் நான் பூசியது, அவர் வந்து கேட்டது, கேட்கவில்லை என்று நான் சொன்னது. அவருக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

"அப்ப நான் வந்து கேட்டேனா?" என்றார்.

"கேட்டீரு."

"நெசமாவா?"

அவர் மனைவிதான் பேசினார், என்னிடம் அல்ல, அவரிடம். "கேட்டுக்கிட்டீயளா? நான் அன்னையிலருந்து சொல்லுதேன்லா, நீங்க கேட்டிருப்பியன்னு. படிச்சவுக பொய் சொல்ல மாட்டாவ, எனக்குத்தான் புத்தி தடுமாறிட்டுன்னு சொன்னீயளே." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு மூணு பேரு நிலை வைக்கக் கூப்பிடத்தான் செஞ்சாவ. இவுகதான் போகலை. ஒரு கட்டையை எடுத்து வச்சு, அடி எது நுனி எதுன்னு நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாவ. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டாவ."

ஊர் அவரை ஒதுக்கியதாகத்தான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் பேச்சை நம்பித் தன் கண்ணை அவரே ஒதுக்கியிருக்கிறார். சென்ட்ரிங் பலகையைப் பற்றி அன்று சொன்னது குத்தல் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார்.

அவர் கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தார். வைக்கோல் தூசியைத் துடைத்து, கீழ்ப்படியில் செருகச் சீவிய முனை எது என்று பார்த்துக்கொண்டார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் கணு இருந்த இடத்தில் தேய்த்தார். கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், அதனால் முகத்தை மரத்துக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"தலைகீழ்தான்," என்றார். "அன்னைக்கு எனக்குப் பட்டது சரிதான்."

பிறகு என்னிடம், "அன்னைக்கு எங்க வச்சுச் சொன்னீயளோ அங்கன வச்சு இதைச் சொல்லணும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஓர் அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஆசிரியர் வீட்டு வாசலில் சொன்னேன். அன்று இருந்த ஏழெட்டுப் பேரில் ஆசிரியரையும் சேர்த்து நான்கு பேர்தான் மிச்சம். ஆசாரி பழையபடி வாசலுக்கு வெளியே நின்றார். நான் சொல்லி முடித்ததும் மைத்துனர் என் தோளைத் தட்டினார்.

"அண்ணாச்சிக்குப் பெரிய மனசு. ஆசாரி பேரு கெட்டுப்போச்சேன்னு பழியைத் தன் தலையில எடுத்துப் போடுதாரு."

"இல்ல வே. நடந்தது இதுதான்."

"சரி அண்ணாச்சி, நாங்க நம்புதோம்," என்று மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் அழுத்திச் சொல்லச் சொல்ல அவர்கள் பார்வையில் என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அப்போது ஆசாரி பேசினார்.

"அவுக இன்னைக்குச் சொல்லுதது பொய் இல்ல. அன்னைக்குச் சொன்னதுதான் பொய்."

மைத்துனர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஆசிரியர் நாற்காலியைக் காட்டி, "உள்ள வந்து உட்காரும் ஆசாரி," என்றார். வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு ஆசாரி போய்விட்டார்.

அந்தப் பட்டப்பெயர் போகவில்லை. போன மாதம்கூடப் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் சொல்லக் கேட்டேன். காரணத்தைச் சொல்லித் திருத்தினேன். அவர் சரி சரி என்று தலையாட்டினார். பேருந்து வந்ததும் ஏறிக்கொண்டார்.

ஆனால் ஆசாரி இந்த வருடம் இரண்டு வீட்டுக்கு நிலை வைத்திருக்கிறார். எங்கள் மில்லுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பொய்யை அறியாமல் பதினைந்து வருடம் வாராவாரம் வந்தவர், உண்மை தெரிந்த பிறகு ஒரு தடவையும் வரவில்லை. சென்ட்ரிங் மரத்தை வேறு மில்லில் வாங்குகிறார் என்று மகன் சொன்னான். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். ஆசாரி பின்பக்கம் வேலையாக இருப்பதாகச் சொன்னார். இழைப்புளி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கிளம்பும்வரை அது நிற்கவில்லை.

ஆசாரி நிலை வைக்கப்போகிற மூன்றாவது வீட்டுக்கான மரம் போன வாரம் எங்கள் மில்லுக்கே வந்தது. மரத்துக்காரருக்கு எங்கள் மில்தான் பக்கம். ஆசாரி உடன் வரவில்லை. துண்டு போடும் வேலையைத் தோட்டத்திலேயே தன் முன்னால் முடிக்க வைத்து அனுப்பியிருந்தார். இப்போது ரம்பம் ஓட்டுகிறவர் காவி டப்பாவைத் தேடினார். மகன் தடியின் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்றான். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டின் அடி முகத்திலும், எப்படி அறுத்தாலும் எந்தச் சட்டத்திலும் ஒன்று விழும்படி, விரல் இடைவெளியில் உளியால் வரிசை வரிசையாகக் குறி வெட்டியிருந்தது.